தணிகையும் ஆறெழுத்தும்

முருகவேளுக்குரிய ஆறெழுத்து மந்திரம் யாதென வினவின், ‘சரவணபவ’ என விடை கூறுதற்கு இன்று எவரும் தயங்கார். தணிகைமலைப் படிகளில் ஊன்றுகோலுடன் ஏறும் முதியவளும் அதனை அறிவாள்; அவள் கைபற்றி நடக்கும் சிறுவனும் அறிவான். இம்மந்திரத்தின் தொன்மையைப் பேசப் புகுவார் பலரும், திருமுருகாற்றுப்படையில் ஆறெழுத்து என்னும் குறிப்பு வருதலைக் கண்டு, ‘சரவணபவ’ என்பது நக்கீரர் காலத்திலேயே மந்திரமாக வழங்கிற்று என ஒரே மூச்சில் முடிவு கட்டிவிடுகின்றனர். மேடைப் பேச்சிலேயன்றி, ஆராய்ச்சி நூல் எனப் பெயர் தாங்கியவற்றிலும் இம்முடிவு இடம்பெற்றுள்ளது. இஃது எத்துணை உறுதியுடையது என்பதை ஆராய்தலும், ஆறெழுத்தின் வரலாற்றில் தணிகை பெற்ற இடம் யாது என்பதைக் காண்டலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் மந்திரம் என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அது வடசொல்லே எனினும் தமிழ் இலக்கண நூலுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அச்சொல்லை எடுத்தாண்டு, நிறைந்த மொழியினையுடைய சான்றோர் தம் ஆணையாற் கூறிய மறைந்த சொல்லே மந்திரமாம் என்னும் கருத்துப்பட இலக்கணமும் வகுத்துள்ளார். இவ்விலக்கணத்தில் இரண்டு கூறுகள் உள்ளன. சொல்லுவோனது நிறைவு ஒன்று; சொல்லப்படுவதன் மறைவு மற்றொன்று. சொல்லின் அகராதிப் பொருளுக்கு ஈண்டு இடமே இல்லை. ஆறெழுத்தின் வரலாற்றை ஆராயும்போது இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். ஒரு தொடர் கடவுளின் பெயராக வழங்குதல் வேறு. அதுவே மறைமொழியாகக் கொள்ளப்படுதல் வேறு. முன்னதற்குச் சான்று கிடைத்தமையாற் பின்னதும் நிறுவப்பட்டதாகாது.

ஆற்றுப்படையின் ஆறெழுத்து

பத்துப்பாட்டின் முதற்பாட்டாகவும், பதினோராந் திருமுறையுள் ஒன்றாகவும் இருவேறு தொகுப்புகளில் இடம்பெற்ற சிறப்பு திருமுருகாற்றுப்படைக்கு உண்டு. அதன்கண் ஆறெழுத்தைப் பற்றிய குறிப்பு வருவது திருவேரகப் பகுதியில். அறுதொழில் புரியும் அந்தணர், நீராடிய ஈர உடை புலராமலே, கைகளைத் தலைமேற் குவித்து, ஆறெழுத்துக்களைத் தன்னுள் அடக்கிய அரிய மறையை நாப்புடைபெயர ஓதி, மணமுள்ள மலர்களைத் தூவி வழிபடுகின்றனர் என்பது அங்குக் காணப்படும் காட்சி. ஓதுவோர் யாவர், எவ்வாறு ஓதினர், எதனைத் தூவினர் என்பனவெல்லாம் பாட்டில் உள்ளன. ஆறெழுத்து எவை என்பது மட்டும் இல்லை. மறை என்று கூறிய புலவர் அதனை மறைத்தே வைத்தார் என்க.

அவ்விடத்திற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் அவ்வாறெழுத்தை எடுத்துக் காட்டியுள்ளார். அவர் காட்டுவது ‘சரவணபவ’ அன்று. குமாரனுக்கு வணக்கம் என்னும் பொருளுடையதாய், குமாரன் என்னும் பெயர் நான்காம் வேற்றுமை யுருபேற்று வணக்கச் சொல்லோடு கூடிய வடமொழித் தொடரே அவர் கொண்ட ஆறெழுத்து. நமச்சிவாய என்பதில் ஒற்றினை நீக்கி ஐந்தெழுத்தென எண்ணும் முறை தமிழ்நாட்டார் யாவரும் அறிந்தது. அத்தொடரின் அமைப்பும் நமச்சிவாய என்பதன் அமைப்பும் ஒன்றே. வணக்கமும், வணங்கப்படுவோன் பெயரும், கொடைப்பொருளில் வரும் நான்காம் வேற்றுமையும் ஆகிய மூன்றும் இரண்டினும் உள. சிவனுக்கு ஐந்தெழுத்து எவ்வாறோ அவ்வாறே குமாரனுக்கு ஆறெழுத்து என ஒப்புமை கருதி அமைக்கப்பட்ட மந்திரம் அது என்பதில் ஐயமில்லை.

நச்சினார்க்கினியர் கி. பி. 14-ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்படுபவர். தொல்காப்பியத்திற்கும் பத்துப்பாட்டிற்கும் கலித்தொகைக்கும் சிந்தாமணிக்கும் உரை வரைந்த அவர், வடநூற் பயிற்சியும் வழிபாட்டு மரபறிவும் உடையவர். ‘சரவணபவ’ என்பதே ஆறெழுத்து என்பது அவர் காலத்தில் ஐயத்திற்கிடமின்றி யாவரும் அறிந்த செய்தியாய் இருந்திருப்பின், அதனை விடுத்து வேறொன்றை அவர் கூறியிருப்பாரா? அவர் தம் மனம்போன போக்கிற் சொற்களைக் கூட்டியும் பிரித்தும் பொருள் கொள்பவர் என்னும் குற்றச்சாட்டு உண்டு. அது மாட்டுறுப்பைப் பற்றியது, மந்திரத்தைப் பற்றியதன்று. வழிபாட்டில் வழங்கும் மந்திரத்தை ஓர் உரையாசிரியர் தாமே படைத்துக்கொண்டு கூறுதல் இயலாது. ஆகவே 14-ஆம் நூற்றாண்டளவில் ஆறெழுத்து எனப்பட்டவை ஒன்றுக்கு மேற்பட்டிருந்தன என்று கொள்வதே பொருத்தமாகும். அவற்றுள் ஆற்றுப்படைக்கு ஏற்றது எது என்னும் வினாவிற்கு உரையாசிரியர் ஒரு விடை தந்தார். பிற்காலத்தார் வேறு விடை தந்தனர். பாட்டு இரண்டிற்கும் இடந்தந்து நிற்கின்றது.

சரவணம் என்னும் பெயர்

இனி, ‘சரவணபவ’ என்னும் தொடர் பெயராக வழங்கிய வரலாற்றைக் காண்போம். சரம் என்பது நாணல். வனம் என்பது காடு. இவ்விரண்டும் சேருங்கால் னகரம் ணகரமாகத் திரியும் என்பதற்குப் பாணினீயத்தின் எட்டாம் அத்தியாயத்தில் தனி விதியே உண்டு. சரவணத்திற் பிறந்தவனே என விளித்தல் இத்தொடரின் நேர்பொருள். இராமாயணத்தின் பாலகாண்டமும் பாரதத்தின் ஆரணிய பருவமும் கந்தன் பிறப்பை நாணற்காட்டோடு சார்த்திக் கூறுகின்றன. அமரகோசம் நாணலிற் பிறந்தோன் என்னும் பொருளில் ‘சரஜன்மா’ என்னும் பெயரைத் தருகின்றது. இவற்றினும் சிறந்த சான்று காளிதாசருடைய மேகதூதத்தில் உள்ளது. தேவகிரியில் உறையும் கந்தனை முகில் வழிபட்டுச் செல்லவேண்டும் என்று கூறுமிடத்தில், அக்கவி ‘சரவணபவ’ என்னும் பெயரையே, இரண்டாம் வேற்றுமை ஏற்ற வடிவில், ஆண்டுள்ளார். பெயர் என்ற அளவில் இத்தொடரின் பழமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. ஆயின் அங்கு அது பெயரே. எழுத்தெண்ணி ஓதும் மறைமொழி என்பதற்கு அக்கவியில் யாதொரு குறிப்புமில்லை.

தமிழ்நூல்களில் இச்செய்தி புகுந்த முறை நுணுகிக் காணத்தக்கது. பரிபாடலின் ஐந்தாம் பாட்டில், கடுவன் இளவெயினனார் முருகன் பிறப்பை விரித்துரைக்கின்றார். முனிவர் மனைவியர் அறுவர் கருவுற்றதும், இமயத்துச் சுனையில் தாமரைப் பாயலில் அவர்கள் பயந்ததும், இந்திரன் தாக்கியதும், அறுவரும் ஒருவராயதும் ஆகிய யாவும் அதன்கண் உள்ளன. ஆற்றுப்படையும் இமயத்தின் உச்சியில் உள்ள பசிய சுனையையே கூறுகின்றது. அச்சுனையைச் சரவணப் பொய்கையாகக் காண்பது உரைமரபு. சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவைக்கு வரும்போதோ சரவணம் என்னும் சொல்லே வெளிப்படையாக வந்துவிடுகின்றது. அறுவர் தாய்மாரிடம் பாலுண்ட செய்தியும் உடன் வருகின்றது. குறவர் மகளிர் ஆடும் கூத்தில், வேடிச்சியர் நாவில், இவ்வடசொல் பயில்வதை இளங்கோவடிகள் இயல்பாகவே கருதினார் போலும். கதை முன்னே வந்தது. பெயர் அதனைத் தொடர்ந்தது. மந்திரம் அவற்றிற்குப் பின்னர்த் தமிழ்நூலில் தலைகாட்டுகின்றது. இம்மூன்றையும் ஒரே காலத்தினவாக எண்ணுதல் கூடாது.

கச்சியப்ப சிவாசாரியர் காஞ்சிக் குமரகோட்டத்தில் இயற்றிய கந்தபுராணம் இக்கதைக்கு வேறொரு வடிவம் தந்தது. இறைவன் நெற்றிக்கண்களினின்று தோன்றிய பொறிகள் ஆறும், காற்றாலும் தீயாலும் தாங்கப்பெற்று, கங்கை வழியே சரவணத்தை அடைந்தன என்பது அப்புராணம் கூறுவது. முனிபத்தினியர் கருவுற்ற செய்தி இதில் இல்லை. பரிபாடற் கதையில் உடல்சார்ந்த பிறப்பு. புராணத்தில் ஒளிசார்ந்த தோற்றம். ஆறு பொறி, ஆறு குழந்தை, ஆறு முகம், கார்த்திகை மகளிர் அறுவர் என ஆறென்னும் எண் அடுக்கடுக்காகப் பெருகி நின்ற இந்நிலையில், ஆறெழுத்துள்ள பெயர் ஒன்று மறைமொழியாக உயர்தற்கு நிலம் பண்பட்டிருந்தது எனலாம். குமாரன் என்னும் பெயரையுடைய பழைய தொடரில் எழுத்து ஆறு என்னும் எண்ணிக்கை மட்டுமே உண்டு. ‘சரவணபவ’ என்பதிலோ எழுத்தும் ஆறு. அது நினைவூட்டும் பிறப்பும் ஆறு. வழிபாட்டுலகில் பின்னது முன்னதை வென்றமைக்கு இதுவே காரணம் என்பது எம் கருத்து.

வகரமும் ஹகரமும்

கோயிற் கடைகளில் விற்கும் சிறு நூல்களில் இம்மந்திரத்திற்கு எழுத்துதோறும் பொருள் கூறியிருத்தலைக் காணலாம். சகரம் திருமகள் அருளையும், ரகரம் கலைமகள் அருளையும், வகரம் இன்பமும் வீடும் பெறுதலையும், ணகரம் பகைவெல்லுதலையும், பகரம் கூற்றை வெல்லுதலையும், ஈற்று வகரம் நோயின்மையையும் தரும் என்பது அவற்றுட் பெருவழக்கானது. இலக்கணம் கற்றார் இதனைக் கண்டவுடன் ஒரு வினா எழுப்புவர்: வகரம் இருமுறை வருகின்றதே, ஒரே எழுத்துக்கு ஓரிடத்தில் ஒரு பயனும் வேறிடத்தில் வேறு பயனும் எவ்வாறு கூடும்? இவ்விளக்கம் எழுத்தின் ஒலியைப் பற்றியதன்று, எழுத்து நிற்கும் இடத்தைப் பற்றியது என்று விடை கூறலாம். அங்ஙனமாயின் இதனை எழுத்துப்பொருள் என்பதினும் இடப்பொருள் என்பதே தகும். தமிழில் ‘பவ’ என்னும் சொல்லின் முதலெழுத்து வடமொழிப் பகர வருக்கத்தின் நான்காம் எழுத்து என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. அவ்வெழுத்தின் ஒலியை நம் வரிவடிவம் காட்டாது. அதனால் மந்திரம் பழுதுபட்டது என்று தமிழ்நாட்டில் எவரும் கருதவில்லை.

இவ்விரண்டு வகரத்தின் சிக்கலை மந்திரநூலோர் வேறொரு வகையில் தீர்த்துக்கொண்டனர் என எண்ண இடமுண்டு. ‘சரவணபவ’ என்பதோடு ‘சரஹணபவ’ என்னும் மற்றொரு வடிவமும் வழங்குகின்றது. 19-ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் ஆறு படைவீட்டிற்கும் ஆறு கவசங்கள் பாடினார். தணிகைக்கும் ஒன்று உண்டு. அவற்றுள் பெருவழக்குப் பெற்ற கந்தசஷ்டி கவசத்தில் இவ்வாறெழுத்து முறைமாறி முறைமாறி அடுக்கப்படுவதையும், ஹகர வடிவம் அங்கு ஆளப்படுவதையும் பாராயணம் செய்வார் நன்கறிவர். ஹகரம் எங்கிருந்து வந்தது? சொல்லிலக்கணப்படி அதற்குக் காரணம் காட்டல் அரிது. நாணற்காடு என்னும் பொருளும் அதனாற் கெடுகின்றது. ஆனால் இரண்டாவது உயிர்மெய்யாகிய ரகரத்தை அடுத்து வகரம் நின்ற இடத்தில் ஹகரத்தை வைத்தால், ஆறெழுத்தும் ஒன்றையொன்று ஒவ்வாத ஆறு தனியெழுத்துக்களாகிவிடும். அறுகோணச் சக்கரத்தின் மூலைக்கு ஓரெழுத்தாக இட்டு, எழுத்துக்களைச் சுழற்றி ஓதும் முறையில் ஓரெழுத்து இருமுறை வருதல் இடையூறாம். எழுத்தை மாற்றிச் சுழற்றும் முறைக்காகவே ஹகர வடிவம் தோன்றியிருத்தல் கூடும் என யாம் கருதுகின்றோம். இஃது ஊகமே, ஆயினும், பெயர் மந்திரமாகும்போது சொற்பொருளைக் கைவிட்டு எழுத்தமைதியைப் பற்றிக்கொள்ளும் என்னும் பொதுவியல்புக்கு இது பொருந்துகின்றது. தொல்காப்பியர் மறைவு என்றதும் இத்தன்மையை நோக்கியே எனல் மிகையாகாது.

தணிகை மரபு

இவ்வாறெழுத்தின் வரலாற்றில் தணிகைக்கு என்ன தொடர்பு என்பது இயல்பாக எழும் வினா. ஆற்றுப்படையில் தணிகை என்னும் பெயர் இல்லை. குன்றக்குரவையில் செந்தில், செங்கோடு, வெண்குன்று, ஏரகம் என்பன கூறப்படுகின்றன. அங்கும் தணிகை இல்லை. ஆற்றுப்படையின் ஐந்தாம் பகுதியாகிய குன்றுதோறாடல் ஒரு மலையை மட்டும் குறிப்பதன்று; முருகன் ஆடும் குன்றுகள் எல்லாவற்றையும் தழுவியது. அக்குன்றுகளுள் தலைமை பெற்றது தணிகை எனக் கொண்டு, அதனை ஐந்தாம் படைவீடாக எண்ணுதல் பின்னெழுந்த மரபு. இதனைக் கூறுவதால் தணிகையின் பெருமை குறைந்துவிடும் என அஞ்சுவார் சிலர் உளர். அவர்கட்கு யாம் கூறுவது, தணிகையின் பழமையைக் காட்டக் கற்சான்றே உள்ளது என்பதாம்.

திருத்தணி ஊரில் நந்தியாற்றின் அருகே, தூங்கானை மாடம் போன்ற பின்புறமுடைய சிறு கற்றளி ஒன்று உள்ளது. வீரட்டானேசுவரர் கோயில் என்பது அதன் பெயர். கி. பி. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவர் மரபின் கடைசி வேந்தருள் ஒருவனாகிய அபராசிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பான் அதனைக் கருங்கல்லால் எடுப்பித்தான். அச்செய்தியைக் கூறும் வெண்பா ஒன்று அக்கோயிலிற் பொறிக்கப்பட்டுள்ளது; அதனை அரசனே பாடினான் என்னும் குறிப்பும் உடன் உள்ளது. தமிழில் வெண்பாப் பாடிய பல்லவ வேந்தனை நமக்கு அறிவிப்பது தணிகைக் கல்வெட்டே என்பதைத் தமிழ் மாணவர் மறத்தலாகாது. அக்கல்வெட்டில் ஊர்ப்பெயர் திருத்தணியல் என்று காணப்படுகின்றது.

சூரனோடும் வள்ளியைப் பெறும் பொருட்டு வேடரோடும் செய்த போரால் எழுந்த சினம் தணிந்த இடமாதலின் செருத்தணி எனப்பட்டது என்பது கந்தபுராண வழக்கு. தணிதல் என்னும் வினையடியே தணியல் என்பதிலும் உள்ளது. செரு என்னும் அடைமொழியோ கல்வெட்டில் இல்லை. திரு என்பதே உள்ளது. ஆகவே ஊர்ப்பெயர் முந்தியது, போர்க்கதையோடு அது இயைந்தது பிந்தியது என்று கொள்ளுதல் சொன்னூல் முறைக்கு ஒத்ததாகும். கதை பொய் என்பது இதன் பொருளன்று. சினம் தணிந்த மலை என்னும் கருத்து தணிகை வழிபாட்டின் உயிர்நாடியாகிவிட்டது.

வீரட்டானம் என்னும் பெயரும் இவ்வாறே புதுப்பொருள் பெற்றது. இறைவன் மறச்செயல் நிகழ்த்திய அட்ட வீரட்டத் தலங்கள் கண்டியூர், கோவலூர், அதிகை, பறியலூர், விற்குடி, வழுவூர், குறுக்கை, கடவூர் என்பன. இவ்வெட்டனுள் தணிகை இல்லை. அங்ஙனமாகவும் தணிகைச் சிவன்கோயில் வீரட்டானம் எனப் பெயர் பெற்றமை ஆராய்ச்சிக்குரியது. தணிகை மரபினர் இதற்குக் கூறும் விளக்கம் வேறு. மகனிடம் ஓங்காரப் பொருளைக் கேட்கத் தந்தை தணிகைக்கு எழுந்தருளினார். கேட்டு மகிழ்ந்து வீரச் சிரிப்புச் சிரித்தார். அச்சிரிப்பாகிய அட்டகாசமே வீராட்டகாசம் என்னும் பெயருக்குக் காரணம் என்பது அவ்விளக்கம். வீரட்டானம் என்பதில் இருந்த தானம், அதாவது இடம் என்னும் பொருள் மறைந்து, சிரிப்பு என்னும் பொருள் புகுந்தது. சொல்லாராய்ச்சியால் இதனை மறுத்தல் எளிது. ஆயினும் அம்மறுப்போடு நின்றுவிடுவார் ஒன்றைக் காணத் தவறுவர். பகைவரை அழித்த தலங்களின் பெயரைத் தாங்கிய கோயில், மந்திரப் பொருள் கேட்டு மகிழ்ந்த தலமாக மாறியது. செரு தணிந்தது, வீரமும் சிரிப்பாயிற்று. தணிகைப் புலவர் இரண்டு பெயரையும் ஒரே திசையில் திருப்பியுள்ளனர். இது தற்செயலாக நேர்ந்ததன்று. தந்தைக்கு உபதேசித்த தலம் சுவாமிமலை என்பதே நாடறிந்த வழக்காகவும், தணிகையும் அவ்வுபதேசத்தைத் தனக்குரியதாகக் கொண்டமைக்கு இதனாற் காரணம் விளங்கும்.

இம்மரபை விரித்துப் பாடியவர் தணிகையிலேயே பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவரிடம் பயின்ற கச்சியப்ப முனிவர். 1790-இல் மறைந்த அவர் இயற்றிய தணிகைப்புராணம் தலபுராணங்களுள் பெருங்காப்பிய நடையிற் சிறந்தது எனப் புலவர் போற்றுவது. அதன் களவுப்படலத்தைக் கற்றவர் அகப்பொருள் இலக்கணம் முழுவதையும் இலக்கியமாகவே கற்றவராவர். புராணம் என்றவுடன் முகஞ்சுளிக்கும் மாணவர் அப்படலம் ஒன்றையேனும் படித்துப் பார்த்தல் நன்று. அகத்தியர் தணிகையில் முருகனருள் பெற்றதையும் அப்புராணம் பாடுகின்றது. தந்தைக்கு மந்திரப்பொருளும் முனிவனுக்குத் தமிழும் அளித்த ஆசிரியனாகவே தணிகை முருகனைக் காண்பது இவ்வூர் மரபு.

இந்த ஆசிரியத் தன்மை வடமொழிக் கீர்த்தனை மரபிலும் எதிரொலித்தது. முத்துசுவாமி தீட்சிதர் தணிகையில் முருகனருள் பெற்று முதற் கீர்த்தனையைப் பாடினார் என்பது இசைமரபு. மாயாமாளவகௌளையில் அமைந்த அக்கீர்த்தனை முதல், குருகுஹ என்னும் பெயரை அவர் தம் முத்திரையாகக் கொண்டார். குரு என்பது ஆசிரியன். குஹன் என்பது உள்ளக் குகையில் மறைந்திருப்பவன். குருகுஹனைப் பற்றி எட்டு வேற்றுமைக்கும் எட்டுக் கீர்த்தனைகள் அவர் பாடியுள்ளார். அவற்றுள் நான்காம் வேற்றுமைக்குரிய சாமா இராகக் கீர்த்தனையில் குமாரனுக்கு வணக்கம் என்னும் தொடர் வருகின்றது. நச்சினார்க்கினியர் ஐந்நூறு ஆண்டுகட்குமுன் ஆறெழுத்தாகக் காட்டியதும் இப்பொருளையே அன்றோ? ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டது என்று யாம் கூறவில்லை. பழைய ஆறெழுத்தின் அமைப்பு முற்றிலும் வழக்கொழிந்து போகவில்லை என்பதற்கு இது சான்று.

மறையினின்று பாட்டிற்கு

ஆற்றுப்படையில் ஆறெழுத்தை ஓதுவோர் அந்தணர், அது கேட்டற்கரியது. தணிகையைப் பாடிய புலவரிடம் இந்நிலை மாறுகின்றது. 15-ஆம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் தணிகைக்குப் பாடியனவாக அறுபதுக்கு மேற்பட்ட திருப்புகழ்ப் பாக்கள் கிடைத்துள்ளன. ஒரே தலத்திற்கு இத்துணைப் பாக்கள் அமைதல் அரிது. திருப்புகழில் ‘சரவணபவ’ என்பது மறைத்து வைக்கப்படும் மொழியாக வரவில்லை. தாளத்தோடு வாய்விட்டு அழைக்கும் விளியாக வருகின்றது. சந்தம் அதனைச் சுமந்து சென்றது. தீக்கை பெற்றார்க்கே உரியது என்னும் வரம்பு நூல்களில் நிற்க, பாடத் தெரிந்தார் எவரும் ஆறெழுத்தை நாவிற் கொண்டனர். ஏட்டுச்சுவடிகளில் சிதறிக் கிடந்த திருப்புகழை வ. த. சுப்பிரமணிய பிள்ளை தேடித் தொகுத்து 1894-இல் முதற்பகுதியை அச்சேற்றியபின் இப்பயிற்சி மேலும் பரவிற்று. அவருடைய மைந்தரும், திருப்புகழ் முழுமைக்கும் உரை கண்டவருமாகிய செங்கல்வராய பிள்ளை தணிகைமணி என்றே அழைக்கப்பெற்றார்.

செங்கல்வராயன் என்பது தணிகை முருகனின் பெயரே. செங்கழுநீர் மலைக்குரியவன் என்பது அதன் பொருள். செங்கழுநீரைத் தெலுங்கில் செங்கலுவ என்பர். நாள்தோறும் மூன்று வேளை மலரும் நீலப்பூவைக் கந்தபுராணம் இம்மலைக்கு உரியதாகக் கூற, செங்கழுநீரும் இதற்கே பெயராயிற்று. அப்பெயர் தெலுங்கு வடிவில் தமிழரின் பிள்ளைகட்கு இடும் பெயராக நிலைத்துவிட்டது. வடவெல்லையில் இரு மொழியினரும் ஒரே தெய்வத்தை அழைத்தமைக்கு இதனினும் இனிய சான்று உண்டோ? 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதில் அடங்கிய திருத்தணி, ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடவெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் 1-ஆம் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அக்கோடு மாறியபோதும் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி சுமந்து தெலுங்கர் வருதல் நிற்கவில்லை.

இராமலிங்க அடிகள் (1823–1874) இளமையிற் பாடிய தணிகைப் பதிகங்களுள் ஒன்றன் பெயரே ஆறெழுத்துண்மை என்பது. தணிகை முருகனை அழைத்து, அவனுடைய ஆறெழுத்தை ஒருமை மனத்தோடு உச்சரித்துத் திருநீறு அணிந்தால் இருமை வளமும் எய்தும், இடர் எய்தாது என்று அப்பதிகம் தொடங்குகின்றது. சக்கரமும் இல்லை, எழுத்துச் சுழற்சியும் இல்லை, எழுத்துக்கொரு பயன் என்னும் பட்டியலும் இல்லை. அடிகள் வேண்டுவன ஒருமைப்பட்ட மனமும் ஒரு விரல் நீறுமே. மந்திரத்தின் ஆற்றல் எழுத்தின்கண் உள்ளதா, ஓதுவோன் மனத்தின்கண் உள்ளதா என்னும் பழைய வினாவிற்கு இப்பதிகத்தில் விடை உண்டு. தொல்காப்பியர் கூறிய நிறைமொழி மாந்தரின் நிறைவை, அடிகள் ஓதும் அடியார் ஒவ்வொருவரிடத்தும் எதிர்பார்க்கின்றார்.

தணிகைமலைப் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒன்றாக அவற்றைக் கருதுவர். வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் 1917-ஆம் ஆண்டின் இறுதி இரவில் படித்திருவிழாவைத் தொடங்கிவைத்தார். புத்தாண்டு நாளில் ஆங்கில அதிகாரிகளை வணங்கிவரச் செல்வோரை நோக்கி, முதலில் தணிகைத் துரையை வணங்குக என்று அவர் திருப்பிவிட்டார் என்பர். படிதோறும் சூடம் ஏற்றித் திருப்புகழ் ஒன்று பாடி ஏறும் அவ்விழா இன்றும் நடைபெறுகின்றது. ஏரகத்து அந்தணர் ஈர உடையோடு ஓதிய ஆறெழுத்தைத் தணிகைப் படிகளில் பல்லாயிரவர், பனியில் நனைந்த உடையோடு, உரக்கப் பாடிச் செல்கின்றனர்.

பிற படைவீடுகளில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சூரசங்காரம் நிகழும். சினம் தணிந்த இடமாதலின் தணிகையில் அது நிகழ்வதில்லை. அந்நாளில் அங்கு நடைபெறுவது புட்பாஞ்சலி. கூடை கூடையாக மலர் தூவிப் பெயர் கூறி வழிபடுவர்.